நம்ம மரத்து இங்கிலீஷ்

பத்து வருஷம் கடல் கடந்து இருந்துவிட்டு ஒரு மைனா தன் மரத்துக்குத் திரும்பி வந்தது. வாசல் கிளையில் காவல் காக்கை அதை மறித்தது. மேலே பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

“நீ இந்த மரம்தான்னு என்ன அத்தாட்சி?” என்றது காக்கை.

“இங்கேதாண்ணே பொரிஞ்சேன். சீக்கிரம் உள்ளே விடுங்க!”

“அப்படியா? நாலு மணிக் கூட்டத்தை மூணு மணிக்கு மாத்தினா, இங்கிலீஷ்ல என்ன சொல்லுவே?”

“ப்ரிங் ஃபார்வர்ட்.”

“அது அவங்க இங்கிலீஷ். நம்ம மரத்து இங்கிலீஷ்ல சொல்லும்மா, தொரசாணி!”

காக்கை கேட்ட அந்த நம்ம மரத்து வார்த்தைக்குக் கடலுக்கு அப்பால் எல்லோரும் சிரித்தார்கள் என்றுதான் மைனா அதை விட்டொழித்திருந்தது. இப்போது எவ்வளவு துழாவியும் நாக்குக்கு வரவில்லை. பருந்தின் நிழல் அதன் இறக்கைமேல் விழுந்தது.

“சார், ப்ளீஸ்! கைண்ட்லி டூ த நீட்ஃபுல்!” என்று அலறியது மைனா.

காக்கை சட்டென்று விலகி வழிவிட்டது. “அட, நம்ம புள்ளதான்! ‘ப்ரிபோன்’ மறந்தாலும் இது மறக்கலை பாரு.”

மைனா இலைகளுக்குள் பாய்ந்து ஒளிந்தது. அதற்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த வெளியூர்க் கொக்கு, பருந்தை அண்ணாந்து பார்த்தபடி, “டூ த நீட்ஃபுல், டூ த நீட்ஃபுல்” என்று மனப்பாடம் செய்யத் தொடங்கியது.