தங்கத் துகள்

"ஆஸ்பத்திரி வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் கூட்டினு வந்து ரெண்டு மாசம் ஆவுதுண்ணா. நீ ஜெர்மனியில இருந்து வரட்டும்னு காத்துக்கினு இருந்தோம்."

சுகிர்தா கணவனை ஆட்டோவிலிருந்து மெல்ல இறக்கினாள். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இருபது வருடம் உலை முன்னால் நின்ற அன்புராஜ், மணவாள நகரில் மச்சான் வீட்டின் நாலு படியை ஏறுவதற்குள் மூன்று முறை நின்றுவிட்டான்.

அவள் அண்ணன், பேராசிரியர் டாக்டர் எபினேசருக்கு முகம் வெளிறிப்போனது. "இன்னாம்மா இது? கீமோ பாதியில இருக்கே! எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"போன்ல கேட்டா வேணாம்னு சொல்லுவ. வாந்தி எடுத்து எடுத்துப் பாதி ஆளா ஆயிட்டாருண்ணா. உன் மருந்து இருக்கும்போது அது எதுக்கு?"

பையிலிருந்து ஜெராக்ஸ் காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். நுரையீரல் கட்டிக்கு மருந்தைச் சுமந்துபோகும் நானோ தங்கத் துகள்களைப் பற்றி, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எட்டு வருடத்துக்கு முன் எபினேசர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை.

அந்தக் கட்டுரைதான் அவரைப் பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் ஆக்கியது. அது வந்தபோது அவர் பிறந்த காலனியில் படம் போட்டு பேனர் வைத்தார்கள். அதன்பிறகு நாற்பது கட்டுரைகள் எழுதிவிட்டார். அந்த மருந்தைப் பற்றி மட்டும் இன்னொன்று எழுதவில்லை.

"மனுஷனுக்குக் குடுக்க அனுமதி கிடையாது, சுகிர்தா. சட்டப்படி தப்பு."

"நான் ஜெயிலுக்குப் போறேன். நீ குடு."

"இப்ப லேப்ல அது இல்லம்மா."

"செய்யேன். நீ கண்டுபுடிச்சதுதானே?"

அன்புராஜ் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினான். "மச்சான பேஜார் பண்ணாத. அவருக்கு ஆயிரம் ரூல்ஸ் இருக்கும்." பிறகு எபினேசரைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "ஷிஃப்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிக்கிறேன் மச்சான். கிறிஸ்மஸுக்கு அப்புறம் வேலைக்கு வந்துருவேன்னு."

எபினேசர் பக்கத்து அறைக்குப் போய் புற்றுநோய் மருத்துவருக்குப் போன் செய்தார்.

"ரெண்டு மாசம் விட்டுட்டாங்களா?" என்றார் மருத்துவர். "கூட்டிட்டு வாங்க, ஸ்கேன் பாக்கலாம். ஆனா நம்பிக்கை வைக்காதீங்க சார். விடாம போட்டிருந்தா ரெண்டு மூணு வருஷமாவது இருந்திருப்பார்."

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு ஏதோ புரிந்தது. தடாலென்று அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிக்கணும்னு நான் எட்டாவதோட நின்னேன். அதுக்காக ஒரு நாளாவது உன்னாண்ட ஏதாவது கேட்டிருக்கேனா? இத ஒண்ணு செய்யிண்ணா. ஒரே ஒரு தடவை போட்டுப் பாரு. அந்த எலிங்கள்லாம் பொழைச்சிச்சு இல்ல?"

எபினேசர் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் இருந்த அன்புராஜ் ஆவலோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொழைக்கலம்மா. நான்தான் பொழைச்சதா எழுதினேன்."