பெட்டி மேல் அரங்கசாமி

"நான் எந்திரிக்கமாட்டேன். மீறிப் போறதுன்னா என்னையும் பெட்டியோட சேத்துத் தூக்கிட்டுப் போ" என்றார் அரங்கசாமி.

வயது எழுபத்தொன்று. எடை எண்பத்து நாலு கிலோ. உட்கார்ந்திருந்தது மகனுடைய சூட்கேஸின் மேல். அதன் சக்கரங்கள் முனகின.

வாசலில் கால் டாக்ஸி காத்திருந்தது. ஹைதராபாத் விமானத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். சசிதர் கடிகாரத்தைப் பார்த்தான், மனைவி சாய்ப்ரியாவைப் பார்த்தான், மறுபடி அப்பாவைப் பார்த்தான்.

"என்னங்கப்பா இது? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க?"

"றெக்கை எப்படி எரிஞ்சுதுன்னு நீ பாக்கலையா?"

போன வாரம் ஏதோ ஒரு வெளிநாட்டில், ஓடுபாதையிலேயே ஒரு பெரிய விமானம் தீப்பிடித்துக்கொண்டது. பயணிகள் அத்தனை பேரும் சறுக்கி இறங்கித் தப்பிவிட்டார்கள். தீயை அரை மணி நேரத்தில் அணைத்தும்விட்டார்கள். வீடியோவை அணைக்கத்தான் ஆளில்லை. எல்லார் போனிலும் எரிந்துகொண்டே இருந்தது.

ஊர் பேக்கரியில் டீ குடிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெட்ரோல் பங்க் மாதிரி விமானத்திலும் மணல் வாளி தொங்கவிட வேண்டும் என்றார் ஒருவர். சீட்டுக்கு ஒரு ஜன்னல் திறக்கிற மாதிரி வைத்தால் என்ன என்றார் இன்னொருவர்.

சசிதரின் சித்தப்பா மகள் பிரத்யுஷா டிக்கெட்டையே ரத்து செய்துவிட்டாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சசிதர்தான் ஆரம்பித்து வைத்தான்: 'படிச்ச பயந்தாங்கொள்ளி.' மூன்று நாள் விடாமல் ஓட்டினார்கள். அவள் குழுவை விட்டே போய்விட்டாள்.

இப்போது பார்த்தால் சொந்த அப்பாவே.

அதுவும் எந்த அப்பா? மதுக்கரைத் தண்டவாளத்தில் நின்ற ஒற்றை யானையைக் காதைத் திருகி ஓரம் கட்டியவர். சோமனூரில் தறிக் கூடம் எரிந்தபோது தீப்பிடித்த நூல் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிணற்றில் குதித்தவர். எல்லாம் அவரே சொன்னதுதான். இருந்தாலும் அதைக் கேட்டுக்கொண்டே டீ குடிக்க, தினமும் சாயங்காலம் பேக்கரியில் ஒரு கூட்டம் உண்டு. எதற்கும் அஞ்சாதவர் என்ற பெயரைத் தவிர, ஊரில் அவர் பெரிதாக வேறெதுவும் சேர்த்து வைக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அமீர் ஹம்சா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க நாயுடு, என்ன பிரச்சனை?"

"ஒண்ணுமில்லீங்க பாய்" என்றாள் அரங்கசாமியின் மனைவி ராமாமணி. "இவருக்கு ஏரோப்ளேன்னா பயமாம். பையனை விடமாட்டேங்கறாரு."

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. பத்து வருஷமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"யானை காதைத் திருகுன ஆளுங்களா பயப்படறது?"

"யானை தரையில நிக்குதுங்க பாய்."

"அப்பா, ரோட்டுல போறதைவிட விமானம் எவ்வளவோ பத்திரமுங்க" என்றான் சசிதர்.

"ரோட்டுல தீப்பிடிச்சா ஓரமா நிறுத்தி எறங்கிக்கலாம். மேல எங்கடா நிறுத்துவே? மேகத்துலயா?"

"இன்ஜினியருங்க எல்லாம் பாத்துத்தான் அனுப்பறாங்க."

"பாத்து அனுப்புனதுதான் எரிஞ்சுபோச்சு."

பாய் போனை எடுத்தார். "அப்படியே இருங்க நாயுடு. ஒரு போட்டோ. வாயில சொன்னா பேக்கரில ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

அரங்கசாமிக்குக் காது சிவந்தது. எழுந்துவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.

"நல்லாப் புடிங்க பாய். சைடு போஸ் வேணுமா?"

இத்தனை நேரம் ஹேண்ட்பேக் வாரை விரலில் சுற்றிக்கொண்டு நின்ற சாய்ப்ரியா வாயைத் திறந்தாள். "பெரியவங்க மனசு சங்கடப்பட்டு எதுக்குங்க போகணும்? ட்ரெய்ன்லயே போயிரலாமே."

"நீயும் அவருகூடச் சேந்துட்டியா? நாளைக்கு ஆபீஸ்ல என்னன்னு லீவு கேக்கறது?"

"எங்கப்பன் ஒரு பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக் கேளு" என்றார் அரங்கசாமி.

ராமாமணி தலையில் அடித்துக்கொண்டாள். "நாப்பத்தஞ்சு வருசமா இந்த ஆளை நம்பித்தான் கதவைத் தாழ்ப்பாள் போடாமத் தூங்குனேன்."

கடைசியில் சசிதர்தான் தோற்றான். விமான டிக்கெட்டை ரத்து செய்தான். மத்தியான ரயிலில் எப்படியோ இரண்டு இடம் கிடைத்தது. கடுப்பில் குடும்பக் குழுவில் எழுதிப்போட்டான்: 'அப்பாவுக்கு ஃப்ளைட்னா பயம். நாங்க ட்ரெய்ன்ல போறோம்.'

அடுத்த நிமிஷமே சிரிப்புப் பொம்மைகள் கொட்ட ஆரம்பித்தன.

அரங்கசாமி எழுந்து பெட்டியை விடுவித்தார். சசிதர் அதை டாக்ஸிக்குத் தூக்கிக்கொண்டு போனான். பாய் போட்டோவோடு பேக்கரிக்குக் கிளம்பினார், வழக்கத்தைவிட வேகமாக. ராமாமணி ரயிலுக்குப் புளிசாதம் கட்ட உள்ளே போனாள்.

ஹாலில் மருமகள் மட்டும் நின்றாள்.

"மாமா, பாய் ஊரெல்லாம் சொல்லிப்போடுவாருங்களே."

"சொல்லட்டும் அம்மணி."

"சாயங்காலம் எப்படிங்க பேக்கரிக்குப் போவீங்க?"

"ஒரு மாசத்துக்கு ஊட்டுலயே டீ குடிச்சுக்கறேன். உங்கத்தை போடற டீயைக் குடிக்கறதுக்குத்தான் நெஜமான தைரியம் வேணும்."

அவள் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்களுக்கு நெசமாலுமே விமானம்னா அவ்வளவு பயமுங்களா மாமா?"

அரங்கசாமி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலைல சமையக்கட்டுல ஒளிஞ்சு நின்னு, அந்த வீடியோவைப் பதினோரு தடவை பாத்துக் கை நடுங்குனது நானில்லையே, கண்ணு."