பெயரை மூடிய விரல்

2003-ல் தமயந்தி சனிக்கிழமை மத்தியானங்களை ஈஜிபுராவில் ஒரு பிரௌசிங் சென்டரில்தான் கழித்தாள். பழைய பெண்கள் பத்திரிகைகளைப் பற்றி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். வெளிநாட்டு நூலகம் ஒன்று 1931-ஆம் வருடத்து இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்தது. அதில், புருஷன் வீட்டைவிட்டு ஓடிப்போன ஒருத்தி எழுதிய கதை இருந்தது. ஸ்கேனில் அவள் பெயரின்மேல் மட்டும் ஒரு பெண்ணின் விரல் விழுந்திருந்தது.

மறுபடி ஸ்கேன் செய்ய முடியுமா என்று தமயந்தி மெயில் போட்டாள். "எங்களிடமுள்ள இதழில் அந்தப் பக்கத்தில் விரல் எதுவும் இல்லை. பெயரும் இல்லை" என்று பதில் வந்தது.

பக்கத்து சீட்டிலிருந்து சிநேகிதி சஹானா கேட்டாள். "பேரு இல்லாம சேப்டர் கொடுத்தா கைடு ஒத்துக்குவாராடி?"

"மாட்டாரு."

சஹானா தன் ஸ்கிரீனுக்குத் திரும்பினாள். தமயந்திக்கு என்ன தோன்றியதோ, தன் ஸ்கிரீன் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்: "கொஞ்சம் வெரல எடுங்கக்கா."

விரல் நகர்ந்தது. தமயந்தி பெயரைப் படித்தாள். நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தாள். விரல் பழைய இடத்துக்கே வந்திருந்தது. இந்தத் தடவை நகம் வெளுக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது.

"கெடச்சுதா?" என்றாள் சஹானா.

தமயந்தி நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து, சின்னதாக மடித்து, கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இல்லப்பா. பேரு தெரியலன்னே போட்டுடறேன்."

ஸ்கிரீனில் அந்த நகத்துக்கு மெதுவாக ரத்தம் திரும்பியது.