அளவு ரவிக்கை

"மறுபடியும் ரவிக்கையா?" என்றேன்.

எல்லம்மா புதுத் துணியையும், அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையையும் வெட்டுப் பலகை மேல் வைத்தாள். தோல் மண்டி அதாவுல்லா சாயபு வீட்டில் வேலை செய்கிறவள் அவள். அந்த வீட்டு ஜஹீருன்னிசா பீபி கோஷா, அந்நிய ஆண்கள் முன்னால் வராதவர். கடைக்கு வரமாட்டார். நான் உள்ளே போய் அளவெடுக்கவும் முடியாது. அதனால் எல்லம்மா கையில் பழைய ரவிக்கை வரும், அந்த அளவுக்குப் புதுசு தைத்துக் கொடுப்பேன்.

"போன வாரம்தானே ஒண்ணு எடுத்துட்டுப் போனே?"

"பீபியம்மா குடுத்தாங்க, எடுத்தாந்தேன். தைச்சுக் குடு மேஸ்திரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சாதாரணத் தையல்காரன் இல்லை. இதை நானே சொல்லாவிட்டால் ஆம்பூரில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. மதராஸ் மவுண்ட் ரோட்டில் துரைசானிகளுக்கு கவுன் தைத்த கை இது. லண்டனிலிருந்து கப்பலில் படப் புத்தகம் வரும். ஒரு வருஷம் பாவாடை ஏறும், மறு வருஷம் இறங்கும். ஒரே ஒரு தடவை உடுத்திய கவுனை, கை மோஸ்தர் மாறிவிட்டது என்று துரைசானி தூக்கிப் போட்டுவிடுவாள். கடைசியில், நான் தைத்த கவுன் கழுத்தில் 'லண்டன்' என்று ஒரு பட்டையை வைத்துத் தைக்கச் சொன்னார் முதலாளி. அன்றைக்கே கத்திரியைக் கீழே வைத்தேன்.

ஆம்பூர் கடைத்தெருவில் சொந்தமாகக் கடை போட்டேன். 'இங்கே மோஸ்தர் தைப்பதில்லை. மானத்துக்கு மட்டும் தைக்கப்படும்' என்று போர்டும் மாட்டினேன். படிக்கத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார்கள். படிக்கத் தெரியாதவர்கள் சிரிக்காமல் போனார்கள்.

தவறாமல் வேலை கொடுத்தது சாயபு வீடு ஒன்றுதான். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு ரவிக்கை என்றால் என்ன அர்த்தம்? மதராஸ் பைத்தியம் ரயிலேறி இங்கேயும் வந்துவிட்டது.

"அளவுக்கு வர்றது ஒவ்வொண்ணும் ஒரு சைஸு. எல்லாமே அக்குள்ல கிழிஞ்சிருக்கு. பீபியம்மா பிரியாணியைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கிட்டா தேவலை," என்றேன்.

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவன் நான். உடுத்திக் கழற்றிய கவுனை வைத்துக்கொண்டு, துரைசானி எந்தக் கையில் விசிறி பிடிப்பாள் என்று சொன்னவன்.

"துணியை எடுத்துட்டுப் போ. மோஸ்தர் பைத்தியத்துக்கு நான் தைக்கிறதில்லை. சோறு இல்லாம போனாலும் சரி."

எல்லம்மா முகம் வாடிவிட்டது.

"அப்படிச் சொல்லாத மேஸ்திரி. யாராண்டையும் சொல்லக்கூடாதுன்னு பீபியம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. நீ இவ்ளோ தூரம் பேசுறதால சொல்றேன். அதுல ஒண்ணுகூட அவங்களுது இல்ல."

"பின்னே யாருது?"

"நம்ம சாயபு ஷெட்டுல, தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற பொம்பளைங்களுது. நாளெல்லாம் உலக்கையைத் தூக்கினா அக்குள் கிழியாம இன்னா பண்ணும்? எவளுக்கு மாத்து ரவிக்கை இல்லையோ அவளுதைக் கொண்டாந்து காட்டுன்னு என்னை அனுப்புவாங்க. தன் பேர்லயே தைக்கக் குடுப்பாங்க. தருமத்துக்குத் தைக்கிறதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா வாங்கிக்கிறவளுக்குக் கூச்சமா இருக்குமாம்."

என் விசிறி ஞானம் போன இடம் தெரியவில்லை. முகம் தெரியாத அந்தப் பீபியை நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் என் சுபாவம் ஒரு தினுசு. வெட்கத்தில் ஆரம்பித்தால் பெருமையில்தான் போய் நிற்கும். 'மவுண்ட் ரோட்டை உதறிவிட்டு வந்ததே இந்த மாதிரி புண்ணியத்துக்குத்தானே!' என்று எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

"இதுக்குக் கூலியே வேணாம்னு பீபியம்மாகிட்ட சொல்லு," என்று சொல்லிவிட்டு, அளவுக்கு வந்த ரவிக்கையைப் பிரித்தேன்.

இதில் அக்குள் நன்றாகத்தான் இருந்தது. முதுகு மட்டும் நைந்து சல்லடையாகப் போயிருந்தது. இரண்டு தோளிலும் ஒட்டு மேல் ஒட்டு.

"இவ பட்டை இடிக்கிறவ இல்லையே?"

"இல்ல."

"பாவம், புருஷன் இல்லாதவளா?"

"புருஷன் இருக்காரு."

"குடிகாரனா?"

"சேச்சே, தங்கமான மனுஷன். கள்ளுக்கடைப் பக்கமே போகமாட்டாரு."

"அப்ப கண்ணு குருடா? பொண்டாட்டி இந்தக் கந்தலை மாட்டிக்கிட்டு எதிர்ல நின்னு சோறு போடறாளே, அதுகூடவா தெரியலை? அவனை இங்க கூட்டிட்டு வா. மனுஷன்னா எப்படி இருக்கணும்னு நான் சொல்றேன்."

எல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை. ரவிக்கையை இரண்டு கையாலும் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.

"பாரு, அந்தப் பக்கம் தெருவே தெரியுது. இப்படியும் ஒரு புருஷனா?"

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. நடுவில் ஒரு கதவு. சாத்தியிருந்த அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி பூவம்மாளின் குரல் கேட்டது.

"இன்னாங்க, துவைச்சு கொடியில போட்டிருந்த என் ரவிக்கையைக் காணோம். காத்துல தெருப்பக்கம் விழுந்திருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன். இருக்கிறது அது ஒண்ணுதான், இப்படியே நான் வெளியே வர முடியாது."

அதைத்தான் நான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.