சீர் வந்த கடிகாரம்

“மத்த சீரெல்லாம் வாங்கிக்கறனுங்க மச்சான். இந்தக் கடிகாரத்தை மட்டும் திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க.”

புதுவீட்டில் பால் காய்ச்சி முடித்த கையோடு மயில்சாமி இப்படிச் சொன்னதும், அவன் மனைவியின் அண்ணன் பாலசுந்தரத்துக்கு முகம் கறுத்துப்போயிற்று.

பழம், வெல்லம், பட்டுச்சேலை என்று தட்டுத் தட்டாகச் சீர். எல்லாவற்றுக்கும் மேலே, மல்லாந்து படுத்திருந்தது அந்தச் சுவர்க் கடிகாரம். பரமத்தியிலிருந்து எடப்பாடி வரைக்கும் பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

ஒரே தங்கை வசந்தாமணி. கல்யாணமான புதிதிலேயே இதயத்தில் கோளாறு என்றார்கள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். குடத்தைத் தூக்கினால் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். பிழைப்பாளா என்று உறவெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, மயில்சாமிதான் வேலூருக்குக் கூட்டிப்போய், நெஞ்சைத் திறந்து ஆபரேசன் செய்து, முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தான். எண்பதில் நடந்தது அது. இப்போது எண்பத்திரண்டு தை. பின்பக்கப் பந்தலில் அவளேதான் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறாள். தங்கைக்கு நல்ல நேரம் பிறந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வாங்கிய கடிகாரம் இது.

“கடிகாரத்துல என்னங்க கொறை மாப்ளே?”

“கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அருமையான கடிகாரம். எங்கூட்டுக்கு வேண்டாமுங்க.”

“ஏற்கெனவே ஒண்ணு இருக்குதா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்னங்க?”

மயில்சாமி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பாலசுந்தரத்தின் மனைவி பழனியம்மாள் அவர் காதோரம் வந்தாள். “நான் அப்பவே சொன்னனுங்க, இவரு போக்கே வேற. ஊரே ஊட்டை ஒட்டித் தறி போட்டிருக்குது. இவரு காட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோயித் தறிக்கூடம் கட்டியிருக்கறாரு. இருந்த ரேடியோவையும் வித்துப்போட்டாராமா. விசேசத்துக்கு ஒரு மைக் செட்டு வெச்சாரா பாருங்க! கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

“சும்மா வர்றதையே வேண்டாங்கறாரே, இது கஞ்சத்தனமா? திமிரு!”

பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனிமேல் என் வாசலை மிதிக்காதே.

“கெளம்பு பழனியம்மா. இந்த ஊட்டுல கை நனைக்க வேண்டாம்.”

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பந்தலிலிருந்து வசந்தாமணி ஓடிவந்தாள். கையில் சாம்பார்க் கரண்டி. தங்கை ஓடுவதைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. அந்தக் கோபத்திலும் பாலசுந்தரத்துக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

“அண்ணா, நீங்க சாப்புடாமப் போனீங்கன்னா எனக்குப் பொறந்த ஊடே இல்லாமப் போயிருமுங்கண்ணா.”

“அதை உம்பட புருசங்கிட்டச் சொல்லு சாமி.”

வசந்தாமணி கணவனைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு, “சொல்லிப்போடுங்க,” என்றாள்.

மயில்சாமி கதவைச் சாத்தினான். ஜன்னல்களையும் சாத்தினான். பந்தலின் இரைச்சல் அடங்கியது.

“ஒரு நிமிசம் யாரும் பேசாம இருங்க.”

டிக்... டிக்... டிக்...

பாலசுந்தரம் தட்டில் கிடந்த கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் சாவி கொடுக்காததால் அது ஓடவில்லை. நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். ஓர் ஆணிகூட இல்லை. அவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

“ஓகோ! வேற யாரோ குடுத்ததை வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கறீங்க. எம்பட சீருதான் ஆகாதா?”

“அது செவுத்துல இல்லீங்க மச்சான். உங்க தங்கச்சி நெஞ்சுல ஓடுது.”

வசந்தாமணி தலையைக் குனிந்தபடி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“நம்ம கெணத்து மோட்டாருக்கு வால்வு மாத்தற மாதிரி, கெட்டதை எடுத்துப்போட்டுப் புது வால்வு வெச்சாங்க. அதுக்குள்ள ஒரு குட்டிக் குண்டு ஏறி எறங்குதுங்க. அந்தச் சத்தந்தான். வெளிய தெரிஞ்சா ஊரே காது வெச்சுக் கேக்க வந்துருமுன்னு இவளுக்கு வெக்கம். அதனால ஒருத்தருகிட்டயும் சொல்லுலீங்க.”

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

“இவ பக்கத்துல வந்து உக்காந்தாப் போதும், எனக்குக் கேட்டுரும். அது கேக்கறப்பல்லாம் அந்த டாக்டருமாருங்களை மனசுக்குள்ள கும்புட்டுக்குவனுங்க. கூடவே செவுத்துல ஒண்ணு டிக்கு டிக்குன்னா, எது இவளுதுன்னு நான் எப்புடிக் கண்டுபுடிக்கறதுங்க?”

“அதுக்குத்தானுங்களா அந்த ரேடியோவை...” என்று ஆரம்பித்த பழனியம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

பாலசுந்தரம் தங்கையின் அருகில் போய் நின்றார். அவள் தலைமேல் கை வைத்தபடி, மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வழிவதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு திரும்பினார்.

“செவுத்துல ஒரு ஆணி அடிங்க மாப்ளே. பொறந்தூட்டுச் சீரு, மாட்டியே ஆகோணும்.”

மயில்சாமி திகைத்துப்போய் நின்றான்.

பாலசுந்தரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

“பயப்படாதீங்க. இந்த ஊட்டுல ஓடறதுக்கு ஒண்ணு போதும். வா பழனியம்மா, சாப்புடலாம்.”