உப்பளத்தாள், இரண்டாம் பாகம்

டீயில் இஞ்சி அதிகம் என்று குறைசொல்லிவிட்டு வரைய உட்கார்ந்த என் மனைவி ஜெனிட்டா, மேசையிலேயே இறந்துபோனாள். அவளுடைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ‘உப்பளத்தாளை’த் தூத்துக்குடியே கொண்டாடியது. நாயகிக்குத் தன் முகத்தையும், நாயகியின் கணவனுக்கு என் தொப்பையையும் கொடுத்திருந்தாள்.

இரண்டாம் பாகத்தை அவள் கோடுகளைப் பழகிய ஏஐ இயந்திரம் வரைந்தது. அவளை இன்னொருமுறை பார்க்கலாமே என்றுதான் சம்மதித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே வில்லன் கணவனைக் கொன்றுவிட்டான்.

“அவ பழிவாங்க ஒரு காரணம் வேணும்லா, அண்ணாச்சி,” என்றான் பதிப்பாளன் பிரிட்டோ.

“செத்தது அவதாம்டே. நான் இருக்கேன்லா?”

மீதியைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் யாரோ ஒருத்தியின் கோபம். ஆனால் ஊரைக் காக்கப் பறக்கும்போதெல்லாம், ஜெனிட்டா கடைக்குப் போவது போலவே, வாசற்கதவைச் சாத்தாமல் போனாள்.