செருப்பு கிடந்த இடம்

வரைபடத்தின் நடுவில் ஊசித் துளை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

நில அளவை அலுவலகத்தின் பழைய அறை. இழுப்பறையைத் திறந்ததுமே தும்மல். தாளில் அப்பாவின் கையெழுத்து.

நாற்பது வருஷத்துக்கு முன் அப்பா இங்கே அளவையாளர். குன்றுகளை அளந்து வரச் சொன்னால், அச்சில் வார்த்ததுபோல ஒரு வட்டத்தை வரைந்துகொண்டு வந்து நின்றார். அலுவலகமே கைகொட்டிச் சிரித்ததாம்.

ஓரத்தில் அதிகாரியின் சிவப்பு மை இன்னும் மங்கவில்லை: 'மலைக்கே போகாமல் மேசையில் காம்பஸ் வைத்துப் போட்டது. உடன் சென்றவர் எவருமில்லை என்கிறார். வட்டத்தை நீக்கவும்.'

அப்பா பிளேடால் சுரண்டி நீக்கினார். பதவி உயர்வும் அதோடு போயிற்று.

இன்று அவள் பாறை ஆய்வாளர். அந்தக் குன்றுகள், என்றோ விண்கல் விழுந்து குடைந்த பள்ளத்தின் விளிம்பு. கல் கல்லாக உடைத்து நிரூபித்துவிட்டாள். அறிக்கையில் ஒரு வரிதான் காலி: முதலில் பதிவு செய்தவர்.

அப்பா பெயரை எழுதக் கை பரபரத்தது. மனசுதான் இடறியது. நிஜமாகவே மேசையில் போட்டதாக இருந்தால்? அவருக்குத்தான் வழியே தெரியாதே!

அது வீட்டில் தீராத சிரிப்பு. அவளுக்கு அப்போது ஏழு வயது. தம்பி பிறக்க அம்மா ஆஸ்பத்திரியில். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அப்பா அவளையும் குன்றுக்குக் கூட்டிப் போனார். ஏறியதுமே அவள் செருப்பு வார் அறுந்தது. ஒரு பாறைமேல் அதை விட்டுவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

பேச்சுக் கொடுத்தால் "உஷ்" என்பார். வாய் எதையோ எண்ணிக்கொண்டே இருந்தது. வியர்வையும் பென்சில் தூளும் கலந்த வாசனை அவர் கழுத்தில்.

பொழுது சாயும் நேரம் பார்த்தால், எதிரே அதே பாறை. அதே செருப்பு.

"அப்பா வழி தெரியாம சுத்தோ சுத்துன்னு சுத்தினாரும்மா!" என்று போய்ச் சொன்னதும், தையல் வலியோடு அம்மா சிரித்தாள்.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் துளை இல்லை. காம்பஸ் குத்தியிருந்தால் தாள் மறக்காது.

சுரண்டிய வட்டம் தழும்பாகத் தெரிந்தது. கோடு தொடங்கி, சுற்றி வந்து முடிந்த இடத்தில் பிளேடு தொடாத ஒரு சின்னப் பெருக்கல் குறி. பக்கத்தில் எறும்பு எழுத்தில்: 'செருப்பு.'

போனை எடுத்தாள்.

"கூட வந்தது நான்னு சொல்லியிருக்கலாம்லப்பா?"

"டூட்டில பிள்ளையத் தூக்கிட்டுப் போனேன்னு சொன்னா சீட்டக் கிழிச்சிருப்பாங்கம்மா. அத விடு. உங்கம்மாகிட்ட போனைத் தரேன், எனக்கு வழி தெரியும்னு நீயே சொல்லு."